ஹாலந்துக் கோழியும் ஒரு சுற்றறிக்கையும்

யூனிகோட் அமைப்பு சிஎல்டிஆர் என்றொரு தரவுத் தொகுப்பைப் பராமரிக்கிறது. உங்கள் போனில் மொழியை மாற்றினால் கிழமை, மாதம், நாடுகளின் பெயர்கள் எல்லாம் கூடவே மாறுகின்றன இல்லையா, அவை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கோப்புகளோடு பழக்கம் அதிகம். பார்க்க சுவாரசியமே இல்லாதவை. இடப்பக்கம் இரண்டெழுத்துக் குறியீடு, வலப்பக்கம் ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் இந்தோனேசிய மொழிக் கோப்பையும் மலாய் மொழிக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கிப் பாருங்கள். யார் எந்தத் துறைமுகத்தில் யாரைப் பார்த்து "நீ யாருப்பா?" என்று கேட்டார்கள் என்கிற பழைய குறிப்பேடு மாதிரி அது தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டும் அடிப்படையில் ஒரே மொழி. மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் வியாபாரிகள் பேசிய மலாய்தான் ஒரு பக்கம் பஹாசா இந்தோனேசியாவாகவும் இன்னொரு பக்கம் பஹாசா மலேசியாவாகவும் வளர்ந்தது. ஜகார்த்தாக்காரரும் கோலாலம்பூர்க்காரரும் பேசிக்கொள்ள முடியும், நெல்லைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் பேசிக்கொள்கிற மாதிரி, நடுநடுவே சிரித்துக்கொண்டு. நாட்டுப் பெயர்களுக்கு வந்தால்தான் இருவரும் வேறு வேறு உலக வரைபடங்களை மடியில் வைத்திருப்பது தெரியும். மலேசியாவில் ஜப்பான் 'ஜெபுன்', இந்தோனேசியாவில் 'ஜெபாங்'. மொராக்கோ ஒரு பக்கம் அரபு வழியில் 'மக்ரிபி', மறுபக்கம் டச்சு வழியில் 'மரோக்கோ'. அயர்லாந்து, போலந்து, நியூசிலாந்து, ஜோர்டான் எல்லாம் மலேசியர்களுக்கு ஆங்கிலத்தில் எப்படியோ அப்படியே. இந்தோனேசியர்களுக்கு அவை இர்லாண்டியா, போலாண்டியா, செலாண்டியா பாரு, யோர்டானியா. ('பாரு' என்றால் புது. ஜோகூர் பாருவின் அதே பாரு.) எதையும் 'இயா'வில் முடித்தால்தான் அவர்களுக்கு நிம்மதி போல.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு தேதி உண்டு. 1824 மார்ச்சில் லண்டனில் ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நீரிணைக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. ஒரே மலாய் உலகத்தின் நடுவில் கடல்மேல் கோடு கிழிக்கப்பட்டது. அதே ஒப்பந்தத்தில்தான் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இடங்களில் மிச்சமிருந்த உரிமைகளையும் டச்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களிடம் விட்டுக்கொடுத்தார்கள். நம் கரையில் டச்சுக் கதை முடிந்ததும் அந்தக் கரையில் அது கெட்டிப்பட்டதும் ஒரே தாளில் நடந்தவை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பூகோளப் புத்தகம் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் இன்னொரு பக்கம் டச்சிலும் இருந்து வந்தது. போலந்தும் ஜோர்டானும் அந்தப் புத்தகங்கள் வழியாக வந்த பெயர்கள்.

ஒப்பந்தத்துக்கு முந்தைய பெயர்கள்தான் எனக்குப் பிடித்தவை. அவை புத்தகத்தில் வந்தவை அல்ல, ஆளைப் பார்த்து வைத்தவை. எகிப்து இருவருக்குமே 'மெசிர்', அரபியின் மிஸ்ர். கிரேக்கத்தை இந்தோனேசியர்கள் 'யுனானி' என்பார்கள். நம்மூரில் மருந்துக்கடைப் பலகையில் பார்க்கிற அதே யுனானி. அயோனியா என்ற கடலோரப் பகுதியின் பெயர் கிழக்கே வந்து அரபியில் யூனான் ஆனது, சங்கப் பாடல்களில் யவனர் ஆனது. கிரேக்கர்களோ தங்கள் நாட்டை எல்லாஸ் என்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. ஃபிரான்ஸ் மலேசியாவில் 'பெரன்சிஸ்', இந்தோனேசியாவில் 'ப்ரன்சிஸ்'. ஆங்கிலேயருக்கு இந்தோனேசியாவில் 'இங்ரிஸ்'. 'ஃபிரெஞ்சுக்காரன்', 'இங்கிலீஷ்காரன்' என்று போர்த்துகீசிய மொழியில் ஆளைக் குறிக்கும் சொற்களின் சாயல் இவை. ஆளின் பெயர் அப்படியே ஊரின் பெயராகிவிட்டது. இந்த வழிப்போக்கு ஒருதிசையானதும் இல்லை. ஜப்பானை ஜப்பான் என்று நாம் சொல்வதற்கே மலாய்தான் காரணம் என்பார்கள். மலாக்காவில் போர்த்துகீசியர்கள் காதில் விழுந்த மலாய்ப் பெயர்தான் ஐரோப்பா போய், ஆங்கிலத்தில் உருமாறி, நம்மிடம் திரும்பி வந்தது.

அந்தப் போர்த்துகீசியர்களை மலாக்காக்காரர்கள் முதலில் எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? மலாய் அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் 'செஜாரா மெலாயு'வில் அந்தக் காட்சி இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவர்களைச் சூழ்ந்துகொண்டு ஒருவர் தாடியை முறுக்கிப் பார்க்கிறார், ஒருவர் தலையைத் தட்டிப் பார்க்கிறார், இன்னொருவர் தொப்பியைக் கழற்றுகிறார். இவர்கள் யார் என்ற கேள்விக்கு ஊர் கண்டுபிடித்த விடை: வெள்ளை வங்காளிகள். மேற்கிலிருந்து கப்பலில் வருகிறவன் வங்காளியாகத்தானே இருக்க வேண்டும், இவன் கொஞ்சம் வெளுத்த வங்காளி. தெரியாத ஒன்றைத் தெரிந்த டப்பாவுக்குள் போடுகிற வேலை. 1511இல் அதே ஆட்கள் பீரங்கியோடு வந்து ஊரைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்தப் பெயர் எடுபடவில்லை. 'பெரிங்கி' என்ற சொல் நின்றது. ஃபிராங்க் என்பதிலிருந்து அரபு, பாரசீகம் வழியாக வந்த சொல். நமக்கு அது பறங்கி. பினாங்கில் 'பத்து ஃபெரிங்கி' கடற்கரைக்குப் போயிருப்பீர்கள் அல்லது படமாவது பார்த்திருப்பீர்கள். பத்து என்றால் பாறை. சென்னையின் பறங்கிமலைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

அடுத்து வந்தவர்கள் 'பெலண்டா'. போர்த்துகீசியர்கள் சொன்ன ஒலாண்டா மலாய் வாயில் வொலண்டா, பெலண்டா என்று உருண்டது. நாம் ஒல்லாந்தர் என்றோம். இன்றும் இரு நாட்டிலும் நெதர்லாந்தின் அதிகாரப்பூர்வப் பெயர் பெலண்டாதான். இந்தச் சொல் ஒரு நாட்டோடு நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வெளியிலிருந்து வந்த விசித்திரமான எதுவும் பெலண்டா ஆனது. நாம் சீமைக் கருவேலம், பறங்கிக்காய் என்கிறோமே, அந்த மாதிரி. மலேசியாவில் முள்சீத்தாப் பழம் 'டுரியான் பெலண்டா'. வான்கோழி 'ஆயாம் பெலண்டா', ஹாலந்துக் கோழி. அந்தப் பறவை அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஆங்கிலேயர்கள் அதைத் துருக்கியில் சேர்த்தார்கள், துருக்கியர்கள் இந்தியாவில் சேர்த்தார்கள். டச்சுக்காரர்கள் கள்ளிக்கோட்டைக் கோழி என்று நினைத்து 'கால்கூன்' என்றார்கள், அதை வாங்கிக்கொண்ட இந்தோனேசியர்களுக்கு அது 'கால்குன்'. ஆக, ஜகார்த்தா ஓட்டலில் வான்கோழி கேட்கிறவர் தன்னை அறியாமல் கோழிக்கோட்டின் பெயரைச் சொல்கிறார்.

போர்னியோ காடுகளில் தொங்குமூக்கும் தொப்பையும் செம்பட்டை முடியும் உள்ள ஒரு குரங்கு இருக்கிறது. அதன் பெயர் 'மோஞெத் பெலண்டா', டச்சுக் குரங்கு. முந்நூறு வருஷம் ஆள்கிறவனைப் பழிவாங்க இதைவிட மலிவான வழி கிடையாது.

சொல் இன்னும் தெற்கேயும் போனது. சுலவேசியின் மகாசர் துறைமுகத்திலிருந்து கடலட்டை பிடிப்பதற்காக வருஷாவருஷம் படகுகள் வடக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தன. 18ஆம் நூற்றாண்டிலாவது தொடங்கி 1907 வரை. அங்கே ஆர்ன்ஹெம் நிலத்தில் வாழும் யோல்ஙு பழங்குடி மக்களின் மொழியில் வெள்ளைக்காரனுக்கு இன்றும் 'பலண்டா'தான் பெயர். ஆங்கிலேய வம்சாவளியில் வந்த ஆஸ்திரேலியர்களை அம்மக்கள் ஹாலந்துக்காரர்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் மகாசர் உச்சரிப்பில்.

அமெரிக்காவையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். ஐக்கிய அமெரிக்க நாடுகள் இந்தோனேசியாவில் 'அமெரிக்கா செரிகத்', மலேசியாவில் 'அமெரிக்கா ஷரிகத்'. ஒரே அரபுச் சொல்தான், பங்காளித்தனம், கூட்டு என்று பொருள். ஆனால் 1912 வாக்கில் ஜாவாவில் 'சரெகத் இஸ்லாம்' என்ற மாபெரும் மக்கள் இயக்கம் எழுந்ததிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்குச் சங்கம், ஒன்றியம் என்ற வாசனை. மலேசியாவிலோ ஷரிகத் என்றால் கம்பெனி, கடைப் பலகைகளில் எழுதியிருக்கும். ஆகவே ஒரு மலேசியக் குழந்தை அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'அமெரிக்கக் கம்பெனி' என்று வரும். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

தீமோர் கதை சிரிப்பில் ஆரம்பித்து வேறெங்கோ போகும். மலாயில் 'தீமுர்' என்றால் கிழக்கு. தீவுக்கூட்டத்தின் கிழக்குக் கோடியில் இருப்பதால் தீமோர். போர்த்துகீசியர்கள் அதில் தங்கள் பாதியை தீமோர் லெஸ்தே என்றார்கள், லெஸ்தேவும் கிழக்குதான். கிழக்குக் கிழக்கு. 1975இல் இந்தோனேசியா படையெடுத்து, அடுத்த வருஷம் அதைத் தன் 27ஆவது மாகாணமாக அறிவித்தபோது 'தீமோர் தீமுர்' என்று மொழிபெயர்த்துக்கொண்டது. 1999இல் நடந்த வாக்கெடுப்பில் 78 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தார்கள். 2002இல் சுதந்திர நாடானதும் அவர்கள் எடுத்துக்கொண்டது போர்த்துகீசிய லெஸ்தேவைத்தான். இன்று இந்தோனேசியக் கோப்பிலும் 'தீமோர் லெஸ்தே' என்றே இருக்கிறது. பொருள் துளிகூட மாறவில்லை. மாறியது யார் மொழியில் கிழக்கு என்பது மட்டும்.

சரி, இப்போது நான் எழுத நினைத்த வரிக்கு வருகிறேன். சீனாவின் வரி. மலாய்க் கோப்பில் 'சைனா' என்பதற்கான அதே ஆங்கில எழுத்துக்கோவை இருக்கிறது. இந்தோனேசியக் கோப்பில் 'தியோங்கொக்' என்று இருக்கிறது. முதல் முறை பார்க்கிறவர்கள் ஏதோ கோளாறு என்றே நினைப்பார்கள்.

தியோங்கொக் என்பது ஜோங்குவோ, அதாவது நடு நாடு, என்ற சீனச் சொல்லின் ஹொக்கியன் உச்சரிப்பு. ஜாவாக் கரையில் குடியேறிய சீனர்களில் பெரும்பகுதியினர் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்தவர்கள், அவர்கள் வீட்டில் பேசியது ஹொக்கியன். மக்களைக் குறிக்க அதே வழியில் 'தியோங்ஹோவா'. 1900இல் பதாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், தியோங் ஹோவா ஹ்வே குவான் என்ற சங்கம் தொடங்கிப் பள்ளிக்கூடங்கள் நடத்தியது. சீனாவில் மன்னராட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம், தங்களுக்கென்று ஒரு மரியாதையான பெயர் வேண்டும் என்ற எண்ணம் பரவியது. அதற்கு முன் மலாயில் அவர்களுக்கு இருந்த பெயர் 'ச்சினா'. (பச்சையில் வருகிற 'ச்ச'.) அந்தச் சொல்லில் பிறவியிலேயே எந்த அழுக்கும் இல்லை. நாம் சீனர், சீனச்சட்டி என்கிறோமே, அதே பழைய சொல். ஆனால் டச்சு ஆட்சி ஐரோப்பியர், 'அந்நியக் கீழைத்தேசத்தவர்', உள்ளூர்வாசி என்று ஆட்களை மூன்று தட்டாக அடுக்கி, சீனர்களை நடுத்தட்டில் நிறுத்தி, வரி வசூலிக்கவும் அபினிக் குத்தகைக்கும் பயன்படுத்தியது. நடுவில் நிற்கிறவனுக்கு மேலிருந்தும் அடி, கீழிருந்தும் அடி. ச்சினா என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டுகிற தொனியில் சொல்லப்படுவதாகிவிட்டது.

கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்கும் பெயர்ப் பிரச்சினை இருந்தது. டச்சுக்காரர்கள் அவர்களை 'இன்லாண்டர்' என்றார்கள். நேடிவ் என்று வெள்ளைக்காரன் நம்மைச் சொன்ன அதே இளக்காரத்தோடு. நாட்டின் பெயரோ டச்சு இந்தியா. மாற்றுப்பெயராக 'இந்தோனேசியா' கிடைத்தது. அதை உருவாக்கியது ஒரு இந்தோனேசியர்கூட இல்லை. 1850இல் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில ஆய்விதழில் வின்ட்சர் ஏர்ல், ஜேம்ஸ் லோகன் என்று இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த சொல் அது. எழுபது வருஷம் மானுடவியல் புத்தகங்களில் தூங்கிக்கொண்டிருந்ததை 1920களில் மாணவர்கள் எடுத்துக் கொடியில் கட்டினார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் வருகிறது. பதாவியாவில் 'சின் போ' என்றொரு பத்திரிகை. சீன வம்சாவளியினர் மலாய் மொழியில் நடத்தியது. அது இன்லாண்டர் என்ற சொல்லைக் கைவிட்டு இந்தோனேசியர் என்று எழுத ஆரம்பித்தது. பதில் மரியாதையாக இந்தோனேசிய தேசியவாதிகளின் பத்திரிகைகள் ச்சினாவை விட்டுத் தியோங்ஹோவா என்று எழுத ஆரம்பித்தன. எழுதிவைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நீ என்னை நான் விரும்புகிற பெயரில் கூப்பிடு, நானும் உன்னை அப்படியே கூப்பிடுகிறேன். இரண்டு பேருமே அடிமைகள், இருவர் கையிலும் ராணுவம் இல்லை, நாணயம் இல்லை, இருந்தது அச்சு எழுத்து மட்டும். அதை வைத்து அவர்கள் செய்துகொண்ட பண்டமாற்று இது.

1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் ஒரே நாடு, ஒரே இனம், ஒற்றுமையின் மொழி என்று உறுதிமொழி எடுத்தார்களே, அது நடந்த க்ராமத் தெரு 106ஆம் எண் வீடு, சீ கோங் லியோங் என்பவருக்குச் சொந்தமான மாணவர் விடுதி. அங்கே தேசிய கீதத்தின் மெட்டை முதன்முதலாக வயலினில் வாசித்த சுப்ரத்மான், சின் போவில் நிருபர். பாடல் வரிகளை அடுத்த மாதமே அச்சிட்டதும் சின் போதான். 1945 அரசியல் சட்டத்தின் விளக்கவுரையும் குடியுரிமை பற்றிப் பேசுமிடத்தில் தியோங்ஹோவா என்றே எழுதுகிறது. பண்டமாற்று சட்டப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது.

பிறகு 1965. செப்டம்பர் 30 இரவு தளபதிகள் கொல்லப்பட்டது, பழி கம்யூனிஸ்டுகள் மேல் விழுந்தது, லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டது, சுஹார்த்தோ மேலே வந்தது எல்லாம் தனிக்கதை. பீக்கிங் கம்யூனிஸ்ட், ஆகவே இங்கிருக்கிற சீனர்களும் சந்தேகத்துக்குரியவர்கள் என்ற கணக்கு போடப்பட்டது. சீன மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1966 ஆகஸ்டில் பாண்டுங்கில் கூடிய ராணுவக் கருத்தரங்கு, இனி தியோங்ஹோவா, தியோங்கொக் வேண்டாம், ச்சினா என்றே சொல்வோம் என்று தீர்மானம் போட்டது. சொன்ன காரணம்தான் முக்கியம். நம் மக்களின் தாழ்வு மனப்பான்மையும் அந்தக் கூட்டத்தின் உயர்வு மனப்பான்மையும் நீங்க வேண்டுமாம். பழக்கத்தில் இருக்கிற சொல் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட மழுப்பலாம். ஒரு கூட்டத்தை ஒரு படி இறக்குவதற்காகவே இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அவர்களே எழுதிவைத்துவிட்டார்கள்.

1967 ஜூன் 28 அன்று அது அமைச்சரவைத் தலைமைக் குழுவின் சுற்றறிக்கையானது. எண் எஸ்இ-06. சுற்றறிக்கை என்றால் என்ன, அலுவலகத்துக்கு அலுவலகம் போகிற ஒரு தாள். அந்தத் தாளுக்குப் பிறகு பாடப்புத்தகம், செய்தித்தாள், அரசுக் கோப்பு எல்லாவற்றிலும் ச்சினாதான். அதே வருஷம் சீனச் சடங்குகளையும் பண்டிகைகளையும் பொதுவெளியில் கொண்டாடத் தடை வந்தது. முந்தைய வருஷமே பெயர் மாற்றிக்கொள்ளும் விதிமுறை வந்திருந்தது. ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டத்தை எட்டு முறை வென்ற ரூடி ஹார்த்தோனோ பிறந்தபோது நியோ ஹாப் லியாங். நாட்டின் பெயர், இனத்தின் பெயர், ஆளின் பெயர் என்று மூன்றும் ஒரே மூச்சில் மாறின. 1973இல் க்ராமத் 106ஆம் எண் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தபோதும் சுற்றறிக்கை அமலில் இருந்தது. உறுதிமொழிக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் அரசு மொழியில் ஒரு ச்சினா.

1990இல் பீக்கிங்குடன் ராஜ்ய உறவு திரும்பியபோது ஒரு சங்கடம் வந்தது. சீனத் தூதரகத்துக்கு ச்சினா கசந்தது, ஜகார்த்தாவுக்குத் தியோங்கொக் என்று திரும்பிப் போக மனமில்லை. புழக்கத்தில் வந்த சமரசம், ஆங்கில எழுத்தில் எழுதி 'சைனா' என்று உச்சரிப்பது. ஒரு 'எச்' சேர்த்தால் மரியாதை, எடுத்தால் வசவு! டைப்பிங் பிழை ராஜ்யப் பிரச்சினை ஆகக்கூடிய இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

1998 மே மாதத்தில் சீனர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள், சுஹார்த்தோ பதவி இறங்கினார். 2000இல் குஸ் துர் என்று எல்லோரும் அழைத்த அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் சடங்குத் தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை. சுற்றறிக்கை மட்டும் மேலும் பதினோரு வருஷம் கோப்பில் உயிரோடு இருந்தது. 2014 மார்ச்சில், பதவிக்காலம் முடிகிற நேரத்தில், சுசிலோ பாம்பாங் யுதோயோனோ 12ஆம் எண் ஆணையால் அதை ரத்து செய்தார். மக்கள் தியோங்ஹோவா, நாடு தியோங்கொக். 47 வருஷம்.

சுரபாயாவிலிருந்து எங்கள் குழுவில் இருந்த, சீன வம்சாவளியில் வந்த ஒரு சகப் பொறியாளரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "எங்க பாட்டி எப்பவுமே தியோங்கொக்னுதான் சொல்வாங்க, கவர்ன்மென்ட்டுதான் லேட்டா வந்து சேர்ந்துச்சு" என்று சிரித்தார். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தியோங்கொக் என்றால் இன்றைய பெய்ஜிங்காரருக்குச் சட்டென்று புரியாது, அவர் வாயில் அது ஜோங்குவோ. ஆகவே இந்தோனேசியா இன்று எழுதுகிற பெயர் சீன அரசு கேட்டு வாங்கிய பெயர் என்பதைவிட, ஜாவாவில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வீட்டில் புழங்கிய பெயர்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றில்லை. 'டெம்போ' வார இதழ் ஆணைக்குப் பிறகும் ச்சினா என்றே எழுதியது. சொல் பழையது, நடுநிலையானது, மலேசியாவில் யாரும் இதற்குக் கோபப்படுவதில்லை, ஒரு சர்வாதிகாரி கெடுத்தான் என்பதற்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தரப்பின் வாதம். மலேசியா பற்றிச் சொன்னது உண்மை. அங்கே ஓராங் ச்சினா என்பது சாதாரணச் சொல், அரசியல் கட்சியின் மலாய்ப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே எஸ்இ-06 போல ஒரு தாள் சுற்றுக்கு விடப்படவில்லை. சொல்லின் வேரைத் தோண்டி அது சுத்தம் என்று காட்டுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். திட்டு வாங்குகிறவன் காதில் விழுவது வேர்ச்சொல் இல்லையே. அதே நேரம் ஆணையின் கை எவ்வளவு நீளம் என்பதும் தெரிகிறது. ஜகார்த்தாவை ஒட்டிய டெபோக்கில் 'போண்டோக் ச்சினா' ரயில் நிலையம் அதே பெயரில் இருக்கிறது. சைனா டவுனுக்கு 'பெச்சினான்' என்ற சொல்லை யாரும் மாற்றவில்லை. 2017இல் அரசு தென்சீனக் கடலில் தன் பகுதிக்கு 'வட நத்துனா கடல்' என்று புதுப்பெயர் வைத்தது, அது மரியாதையால் அல்ல, மீன்பிடி எல்லைச் சண்டையால்.

மலேசியா பக்கம் திரும்பினால் அதே கதை வேறு ஆளை வைத்து நடந்திருக்கிறது. அந்த ஆள் நாம்தான்.

செஜாரா மெலாயு தமிழ்நாட்டுக் கரையை 'பெனுவா கெலிங்' என்கிறது. கெலிங் நாடு. கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பது பொதுவான விளக்கம். கலிங்கக் கப்பல்கள் முதலில் வந்திருக்கும், பின்னால் வந்த சோழமண்டலத்துக்காரனும் அதே டப்பாவுக்குள் விழுந்திருப்பான். அந்தக் காலத்தில் அதில் இழிவில்லை. மலாக்காவின் கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் அந்தப் பெயரைப் பெருமையாகவே சுமந்தது. பினாங்கின் பிரபலமான பள்ளிவாசல் கப்பித்தான் கெலிங். கப்பித்தான் என்றால் சமூகத்தின் தலைவர். அப்புறம் ரப்பர் தோட்டம் வந்தது, கங்காணி வந்தார், கப்பலில் ஆட்கள் வந்து கொட்டினார்கள். கெலிங் வியாபாரியாக இருந்தவன் கெலிங் கூலி ஆனான். இன்று மலேசியத் தமிழர் ஒருவரை அந்தச் சொல்லால் கூப்பிட்டால் கைகலப்பில் முடியும். மலாய் அகராதியில் அந்தச் சொல்லின் பதிவுகளை எதிர்த்து நீதிமன்றம் வரை போனதும் உண்டு. செஜாரா மெலாயுவிலேயே இருக்கிறது, ரொம்பப் பழைய சொல் என்று அப்போதும் சிலர் சமாதானம் சொன்னார்கள். டெம்போவின் வாதத்தைப் படித்தபோது எனக்கு ஏன் அவ்வளவு பழகிய குரலாகக் கேட்டது என்பதற்கு அதுதான் காரணம்.

நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. ரிச்சி தெருவில் "இது ஒரிஜினலா, சைனாவா?" என்று கேட்கிறபோது ஒரு நாட்டின் பெயரை மட்டமான சரக்குக்குப் பெயரடையாக ஆக்கிவிட்டோம்.

நீரிணையின் மறுகரையில், சுமத்திராவின் மேடான் நகரத்தில் ஒரு பேட்டை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் குடியேறிய இடம். 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. பேட்டையின் பழைய பெயர் கம்போங் கெலிங். அந்தச் சொல் உறுத்தியதால் இப்போது வரைபடத்தில் கம்போங் மதராஸ் என்று மாற்றிவிட்டார்கள். மதராஸோ 1996லேயே சென்னை ஆகிவிட்டது.